ஊர்காவற்றுறைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கோ: தீவுப்பக்கம் போறாக்களுக்கு

வெளிநாட்டில இருந்து யாழ்ப்பாணம் வாற எங்கட ஆக்களுக்கு தீவுப்பக்கம் எண்டா விடிய வான் பிடிச்சு குறிகட்டுவான் இறங்குதுறை, அங்கயிருந்து வள்ளத்தில நயினாதீவு, நாகபூசணி அம்மாளைக் கும்பிட்டு அன்னதானமும் சாப்பிட்டிட்டு பின்னேரம் டவுனுக்குத் திரும்பிறது, அவ்வளவுதான். ஊர்காவற்றுறை அந்த றோட்டில இல்லை, வேலணைப் பக்கம் பிரிஞ்சு வடமேற்கால போகோணும், அதால அநேகமான ஆக்கள் அந்தப் பட்டினத்தைப் பாக்காமலே பிளேன் ஏறியிடினம். எனக்கு இது சரியான கவலை, ஏனெண்டா நீங்கள் கும்பிட்டிட்டு வாற அதே நயினாதீவுக் கோயில்ல இருக்கிற கல்வெட்டு ஊர்காவற்றுறையைப் பற்றித்தான் கதைக்குது.

அது 12ஆம் நூற்றாண்டில பொலநறுவையில இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவிச்ச தமிழ்க் கல்வெட்டு, ஊரின்ர பேர் அதில ஊராத்துறை எண்டு வரும். வெளிதேசத்து வியாபாரிகள் அங்க வந்து இறங்கோணும், அவைக்குப் பாதுகாப்புக் குடுக்கோணும் எண்டு சொல்லிப்போட்டு கப்பல் உடைஞ்சா என்ன கணக்கு எண்டும் எழுதியிருக்கு: ஆனையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் எண்டா நாலில ஒண்டு பண்டாரத்துக்கு, அதாவது ராசாவின்ர கருவூலத்துக்கு, மிச்சம் மூண்டு பங்கும் சொந்தக்காரனுக்கு, வியாபாரச் சாமான் ஏத்தின மரக்கலம் எண்டா சரிபாதி. படைக்கு வேண்டிய ஆனை குதிரையைக் கொண்டுவாறவனை இழக்கக்கூடாது எண்டுதான் அந்தச் சலுகை எண்டு நான் நினைக்கிறன். பொலநறுவை ராசா அதைத் தமிழில வெட்டுவிச்சிருக்கிறார் எண்டா அந்தத் துறையில ஆர் நிண்டு யாவாரம் செய்தவை எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. பிள்ளையளுக்கு இதை கோயில்லயே சொல்லிப்போட்டு, பிறகு துறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

ஊர் வேலணைத்தீவின்ர வடமேற்கு முனையில இருக்கு. எதிர்ப்பக்கம் காரைநகர், இடையில ஒடுங்கின கடல். ரெண்டு பக்கமும் தரை மறைக்கிறதால காத்துக்கு ஒதுங்க நல்ல இடம், அதுதான் இவ்வளவு காலமும் ஆக்கள் கப்பலை இஞ்ச கொண்டந்து விட்டதுக்குக் காரணம். வன்னிக்காட்டில பிடிச்ச ஆனையளை ஆனையிறவால கடத்தி குடாநாட்டுக்குள்ள கொண்டந்து, போர்த்துக்கீசர் காலத்தில இந்தத் துறையாலதான் இந்தியாவுக்கு ஏத்தினவை. அந்த ஒடுங்கின கடலுக்கு நடுவில ஒரு கோட்டை நிக்குது பாருங்கோ, அதுதான் கடற்கோட்டை. போர்த்துக்கீசர் கட்டினது, 1658இல ஒல்லாந்தர் பிடிச்சு திருத்தி ஹம்மன்ஹீல் எண்டு பேர் வைச்சவை, பிறகு சிறைச்சாலையாவும் இருந்தது, இப்ப கடற்படை அதை ஹொட்டலா நடத்துது. உள்ளுக்க போறதெண்டா காரைநகர் பக்கத்தால கடற்படைட்டக் கேட்டுத்தான் போகலாம், போறதும் விடுறதும் உங்கட மனதைப் பொறுத்தது. ஊர்காவற்றுறைக் கரையில நிண்டே நல்ல வடிவாத் தெரியும். இந்தக் கரையிலயும் போர்த்துக்கீசற்ற இன்னொரு கோட்டை இருந்தது, இப்ப பத்தைக்குள்ள இடிஞ்ச சுவர் மட்டும்தான், பாம்பு பூச்சி இருக்கும், சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கோ.

பட்டினத்துக்குள்ள போனா பழைய கத்தோலிக்கக் கோயிலுகள், புனித அந்தோனியார் கல்லூரி, பிறகு கூரை இல்லாத கல்வீடுகள். 1990இல சண்டை திரும்பத் துவங்கினதோட தீவுப்பகுதிச் சனம் பெருவாரியா இடம்பெயர்ந்தது, கனபேர் திரும்பி வரேல்லை, பரிசிலயும் ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் இருக்கினம். வாற வழியில அல்லைப்பிட்டியில ஒருக்கா நிப்பாட்டுங்கோ. 2006 ஆவணியில (ஓகஸ்டில) அங்க சேர்ச்சுக்குள்ள ஒதுங்கின சனத்துக்கு மேல ஷெல் விழுந்தது, அந்தப் பங்கின்ர சுவாமி ஜிம் பிறவுண் அதே மாதம் 20ஆம் தேதி காணாமல் போனவர்.

உங்கட சொந்தக் காணியைப் பாக்கப் போறதெண்டா தனியப் போகாதேங்கோ, பக்கத்து வீட்டில இருக்கிற ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ, பத்தைக்குள்ள கட்டில்லாத கிணறுகள் கண்ணுக்குத் தெரியாது. கடற்படை முகாம் பக்கம் கமராவைத் தூக்காதேங்கோ.

எப்ப போறது எண்டு கேட்டா தை, மாசி, பங்குனிதான் திறம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை, ஆடி ஆவணி லீவில வாறவைக்கு சோளகக் காத்தும் வெக்கையும், கடலும் கொஞ்சம் குழப்பமா இருக்கும், வயசுபோனவையை வள்ளத்தில ஏத்த முதல் யோசியுங்கோ. தை மாசியில பண்ணைப் பாலத்தாண்டி மண்டைதீவுப் பக்கம் ஆழமில்லாத கடலுக்குள்ள பூநாரையள் நிக்கும், விடியப் போனா காணலாம். தீவில கனகிணறுகள் உவர்த்தண்ணி, சில இடத்துக்கு பவுசரிலதான் குடிதண்ணி போகுது, அதால ஆர்ற வீட்டில நிண்டாலும் தண்ணியை அளவாப் பாவியுங்கோ, குடிக்கிறதுக்கு டவுனிலயே போத்தல் வாங்கிக்கொண்டு போங்கோ. குளிக்கோணும் எண்டா வேலணையில சாட்டிக் கடற்கரை, வெள்ளை மணல், சின்னப்பிள்ளையளுக்கும் பயமில்லை.

திரும்பி வரேக்க வந்த வழியால வராதேங்கோ. ஊர்காவற்றுறையில இருந்து காரைநகருக்குப் பாதை ஓடும், வாகனத்தையும் ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோய் விடுற தட்டையான மிதவை, கடற்கோட்டையைப் பாத்துக்கொண்டே போகலாம். சில நேரம் பழுதாகி நிக்கும், காத்துக்கும் நிப்பாட்டுவினம், அதால முதலே ஊர் ஆக்களிட்ட விசாரிச்சுக்கொண்டு வெளிக்கிடுங்கோ. அக்கரை போனா ஈழத்துச் சிதம்பரம் கும்பிட்டு, நேரமிருந்தா கசூரினா பீச்சிலயும் கொஞ்சம் நிண்டிட்டு, பொன்னாலைப் பாலத்தால வட்டுக்கோட்டை வழியா இருட்ட முதல் டவுனுக்கு வந்திடலாம். நயினாதீவையும் இதோட ஒரே நாளில முடிக்கோணும் எண்டா குறிகட்டுவானில முதல் வள்ளத்தைப் பிடியுங்கோ, மத்தியானப் பூசைக்கு நிண்டா ஊர்காவற்றுறைக்கு நேரம் காணாது.