ஜொட்கலில் புது பாக்டீரியாவா? பெயர் வைக்கும் முன் சறுக்கும் இடங்கள்

இறால், நெத்திலி, சிப்பி, மீன் குடல் என்று எதையாவது உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊற வைத்தால் அது கொரியாவின் ஜொட்கல். அதிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர்கள் ஏராளம். ஜொட்கலிபேசில்லஸ் (2001), ஜொட்கலிகாக்கஸ் (2003) ஆகிய பேரினங்களுக்கு அந்த உணவின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அதில் புது இனம் தேடுகிறவர்களின் முதல் சறுக்கல், நுண்ணுயிரை வளர்க்கும் தட்டிலேயே நடக்கும். ஜாடிக்குள் உப்பு பல சமயம் 20 சதவீதத்தைத் தாண்டும். வளர்ப்பதோ உப்பே இல்லாத சாதாரண அகார் என்னும் கூழில். அதில் வருவது எங்கும் கிடைக்கிற வகைகள்தான். உப்பை நம்பி வாழ்பவை வரவே வராது. சிலவற்றின் செல் உப்பு குறைந்தாலே வெடித்துவிடும். அப்புறம் அவசரம். இரண்டு நாளில் தட்டைத் தூக்கிப் போட்டால், வாரக்கணக்கில் மெல்ல வளர்பவை குப்பைக்குத்தான் போகும். அப்படி வருவது பாக்டீரியாதான் என்றும் எண்ணிவிடக் கூடாது. இறால் ஜொட்கலில் கிடைத்து 2007இல் பெயர் பெற்ற ஹாலால்காலிகாக்கஸ் ஜொட்கலி ஓர் ஆர்க்கியா, அதாவது பாக்டீரியா அல்லாத வேறொரு நுண்ணுயிர்ப் பிரிவு.

என் கணக்கில் பெரிய தவறு, இனத்தை அடையாளம் காண ஒப்பிடும் 16எஸ் என்ற ஒற்றை மரபணுவை மட்டும் நம்புவது. அருகிலுள்ள இனத்தோடு ஒற்றுமை சுமார் 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது இனமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சரி, மேலே இருந்தால்? பழைய இனம்தான் என்று சொல்லிவிட முடியாது. பேசில்லஸ் குளோபிஸ்போரஸ், பேசில்லஸ் சைக்ரோஃபிலஸ் என்று அப்போது அழைக்கப்பட்ட இரண்டுக்கும் 16எஸ் ஒற்றுமை 99.5 சதவீதத்துக்கும் மேல். ஆனாலும் அவை வெவ்வேறு இனங்கள் என்று 1992இலேயே காட்டிவிட்டார்கள். ஆகவே முழு மரபணுத்தொகுதியைப் படித்து, அருகிலுள்ள இனத்தோடு அதன் சராசரி ஒற்றுமை 95-96 சதவீத எல்லைக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஒப்பிடும் ஆளும் சரியாக இருக்க வேண்டும். தரவுத்தளத்தில் முதலில் வந்து நிற்பது யாரோ தப்பாகப் பெயரிட்டு ஏற்றிய மரபணு வரிசையாக இருக்கலாம். ஒவ்வோர் இனத்துக்கும் அதிகாரபூர்வமான மாதிரித் திரிபு (இனத்தின் அடையாளமாக வைத்திருக்கும் ஒரு வளர்ப்பு) ஒன்று உண்டு. அதோடுதான் ஒப்பிட வேண்டும். கொரியர்களே உருவாக்கிய ஈஸிபயோகிளவுட் தளம் இதற்குக் கைகொடுக்கும். 1,500 எழுத்துள்ள மரபணுவில் 500ஐ மட்டும் படித்துவிட்டு சதவீதம் பேசுவது வீண் வேலை.

இனங்களைப் பிரித்துக் காட்ட, செல்லிலுள்ள கொழுப்பு அமிலங்களின் அட்டவணையைப் பழைய கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்துப் பக்கத்தில் வைப்பதும் பரவலாக நடக்கிறது. வளர்ப்பு ஊடகம், வெப்பநிலை, வளர்ச்சிப் பருவம் மாறினால் அந்த எண்களும் மாறும். உறவுத் திரிபுகளை வரவழைத்து, ஒரே சமயத்தில், ஒரே உப்பில் வளர்த்து அளக்க வேண்டும். செலவுதான், வேறு வழியில்லை.

ஜாடியில் கிடைத்தது என்பதற்காக அதுதான் சுவை தருகிறது என்று எழுதிவிட வேண்டாம். கடல் உப்போடு சேர்ந்து வந்து சும்மா ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஜொட்கலிகாக்கஸ் பேரினத்தின் ஓர் இனம் பண்ணைப் பறவைக் கொட்டகையின் காற்றிலும் கிடைத்திருக்கிறது.

கடைசியாக ஒரு காகித வேலை. திரிபை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் வைத்து, சான்று வாங்கினால்தான் பெயர் செல்லும். கொரியாவின் கேசிடிசிக்கும் ஜப்பானின் ஜேசிஎம்முக்கும் அனுப்புவது வழக்கம். உப்பு அளவைப் படிவத்தில் தெளிவாக எழுதாமல் விட்டால், அங்கே அது வளராமல் போய் எல்லாம் தாமதமாகும்.