வளைகாப்பு முதல் கருமாதி வரை: சடங்குகளில் நாம் செய்யும் தவறுகள்

வீட்டில் ஒரு விசேஷம் என்றாலே 'முறை தப்பிவிடக் கூடாதே' என்ற பயம்தான் முதலில் வருகிறது. தட்டில் எத்தனை பழம், எந்தத் திசை பார்த்து உட்காருவது என்று பத்துப் பேரிடம் கேட்கிறோம். மனையில் உட்காரப் போகிறவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பெரிய தவறுகள் எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

முறை என்று ஒன்றே ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. பிறப்பு முதல் இறப்பு வரை செய்யும் சடங்குகளான சம்ஸ்காரங்கள் பதினாறு என்று பொதுவாகச் சொல்வார்கள். பழைய அறநூலான கௌதம தர்மசூத்திரம் நாற்பது என்கிறது. அந்த நாற்பதையும் செய்துவிட்டு, இரக்கம், பொறுமை, பொறாமையின்மை முதலான எட்டுக் குணங்கள் இல்லாமல் போனால் பயனில்லை என்றும் அதே நூல் சொல்கிறது. கல்யாணத்தில் அந்தந்த ஊர் வழக்கத்தைப் பின்பற்றச் சொல்கிறது வீட்டுச் சடங்குகளுக்கான நூலான ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரம். வழக்கம் எதுவென்று பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறது ஆபஸ்தம்ப கிருஹ்ய சூத்திரம். அதனால் யூடியூபில் யாரோ சொன்னதை நம்பி, வீட்டுப் பாட்டி சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள்.

வளைகாப்பு ஐந்தாம் மாதமா, ஏழா, ஒன்பதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியைக் கனத்த பட்டுப்புடவையில் மணிக்கணக்கில் உட்காரவைத்து, சாம்பிராணிப் புகைக்கு நடுவே ஆளாளுக்கு நலங்கு வைப்பது தவறு. முதுகு சாய ஒரு நாற்காலி போடுங்கள். வளையல் போட நாற்பது பேர் நின்றால், பாதியில் எழுந்து நடக்க விடுங்கள். 'ஆண் குழந்தை பிறக்கும்' என்று யாராவது மருந்தோ சாறோ கொண்டுவந்தால் வாங்கவே வேண்டாம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதில்தான் எனக்குக் கவலை அதிகம். வீட்டிலேயே நல்ல குணமுள்ள பெரியவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தொட்டு வைத்தால், அந்தக் குணம் குழந்தைக்கும் வரும் என்பது நம்பிக்கை. குழந்தை பிறந்ததும் செய்யும் ஜாதகர்மம் என்ற சடங்கிலும் தேனும் நெய்யும் உண்டு. ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அதில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து, உடலைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். குழந்தைக்கு முதலில் போக வேண்டியது சீம்பால். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். பெரியவருக்கு மனக்குறை வேண்டாம் என்றால் அவர் மடியில் குழந்தையைக் கொடுங்கள், நெற்றியைத் தொட்டு ஆசீர்வதிக்கட்டும். தொப்புள்கொடியில் விபூதியோ எண்ணெயோ வைக்க வேண்டாம். கண்ணில் மையும் வேண்டாம்.

தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று முறை பெயர் சொன்னதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். வீட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஓர் எழுத்து மாறிய பெயர் என்று ஆகிவிட்டால் பள்ளியில் சேர்க்கும்போதும் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அலைய வேண்டிவரும். முடி இறக்கும்போது புது பிளேடு போடுகிறார்களா என்று கண்ணால் பாருங்கள். காது குத்தும் ஊசிக்கும் அதேதான்.

அடுத்தது மஞ்சள் நீராட்டு. சாஸ்திரப் பதினாறில் இது இல்லை. நம் ஊர்களில் கல்யாணத்துக்கு நிகராக நடக்கிறது. ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கிற பெண்ணின் படத்தைத் தெருமுனை ஃபிளெக்ஸில் போட்டு, கீழே மாமன்மார் பெயரை வரிசையாக அச்சிடுகிறோம். மறுநாள் அவள் அதே தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறாள். அவளோடு படிக்கிற பையன்களும் அதைப் பார்க்கிறார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவந்து செய்யட்டும், குறையொன்றுமில்லை. ஆனால் 'உனக்குச் சம்மதமா?' என்று அவளைத் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அம்மா, அத்தை, பாட்டியோடு வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றி முடித்துக்கொள்ளலாம். தனிக் குச்சில் உட்காரவைத்துப் பள்ளியை விடச் செய்வது எந்தக் கணக்கிலும் சரியில்லை.

கல்யாணத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். போட்டோவுக்காகத் தாலி கட்டுவதையும் ஏழடி எடுத்துவைப்பதையும் திரும்பச் செய்யவைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும். 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி ஐயர் இல்லாத சுயமரியாதைத் திருமணமும் செல்லும். 'மந்திரம் இல்லாத கல்யாணம் கல்யாணமா' என்று உறவினர் மிரட்டினால் பயப்பட வேண்டாம்.

அறுபதாம் கல்யாணத்தில் வயதுக் கணக்குத் தப்பிப்போகும். அறுபது முடிந்து அறுபத்தொன்று தொடங்கும்போது செய்வதுதான் சஷ்டியப்தபூர்த்தி. அறுபது தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. சரிபார்க்க எளிய வழி, பிறந்த தமிழ் ஆண்டின் பெயர் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்ப்பது. 1965 சித்திரையில் தொடங்கிய விசுவாவசு 2025 சித்திரையில் திரும்ப வந்தது. திருக்கடையூரில் மண்டபம் பிடிக்கும் முன் பஞ்சாங்கத்தை ஒருமுறை பாருங்கள்.

இறுதிக் கட்டத்தில் நடக்கும் தவறுகளைத் திருத்தவே முடியாது. நினைவில்லாமல் கிடப்பவரின் வாயில் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றினால், அது மூச்சுக்குழாயில் இறங்கி அவரைத் திணறடிக்கும். நனைத்த பஞ்சால் உதட்டைத் தொட்டாலே போதும். கண்தானம் செய்ய நினைத்தவர் என்றால் உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு உடனே கண் வங்கியைக் கூப்பிடுங்கள். கண்ணாடி போட்டவரும் தரலாம்.

கணவனை இழந்தவளைச் சுற்றி நின்று, அதுவரை வைக்காத அளவுக்குப் பூவும் மஞ்சளும் வைத்து, பிறகு வளையலை உடைத்துத் தாலியைக் கழற்றுவது கொடுமை. மகாராஷ்டிரத்தில் ஹேர்வாட் என்ற கிராமப் பஞ்சாயத்து 2022-இல் இதை நிறுத்தத் தீர்மானமே போட்டது. நம் வீட்டில் நிறுத்தத் தீர்மானம்கூட வேண்டாம். மூத்த பெண் ஒருத்தி 'அவளை விடுங்கள்' என்று சத்தமாகச் சொன்னால் போதும். மகன் இல்லாத வீட்டில் கொள்ளி வைக்கப் பங்காளியைத் தேடி அலைய வேண்டியதில்லை, மகள் வைக்கலாம்.

உயிர் பிரிந்த நேரத்தை அன்றே எழுதி வையுங்கள். திவசத்துக்கு இங்கிலீஷ் தேதி உதவாது. தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, அந்த நேரத்தில் இருந்த திதி ஆகிய மூன்றும் வேண்டும். காலையில் தசமியாக இருந்தது மதியத்துக்கு மேல் ஏகாதசியாகிவிடும். இறப்பையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும்.

அப்புறம், துணிகள். பாபநாசத்தில் பரிகாரத்துக்காகத் தாமிரபரணியில் முங்கி எழுந்தவர்கள் விட்டுவிட்டுப் போகும் வேட்டியும் சேலையும் பாறையிடுக்குகளில் சிக்கிக் கிடக்கின்றன. பரிகாரம் முடிந்ததும் அதைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.