பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க, பெற்றோர் வீட்டில் செய்ய வேண்டியவை

வேதாகமத்தில் உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில், பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்வதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். 'இந்த வார்த்தைகள் உன் இருதயத்தில் இருக்கக்கடவது' என்று முதலில் பெற்றோரிடம்தான் சொல்லப்படுகிறது. நாம் பல நேரம் அதைத் தாண்டி நேராகப் போதிக்கப் போய்விடுகிறோம். ஞாயிறு பள்ளிக்கு அனுப்பியாயிற்று, வசனம் மனப்பாடம் செய்ய வைத்தாயிற்று, ஆனால் அப்பாவோ அம்மாவோ தனியாக வேதத்தைத் திறந்து பிள்ளை ஒருநாளும் பார்த்ததில்லை என்றால், இதெல்லாம் சின்ன வயதோடு முடிகிற பாடம் என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். அதனால் உங்கள் தனி ஜெபத்திலிருந்து தொடங்குங்கள். பிள்ளைக்குக் காட்டுவதற்காகச் செய்ய வேண்டாம், ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

குடும்ப ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். சிறு பிள்ளைகள் இருந்தால் ஒரு பாட்டு, ஒரு சின்னப் பகுதி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம், பத்து நிமிடம் போதும். ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: 'ஆண்டவரே, இவனுக்குக் கீழ்ப்படிகிற புத்தியைக் கொடும்' என்று பிள்ளை காதில் விழும்படி ஜெபத்திலேயே குத்திக்காட்டுவது. கண்ணை மூடிக்கொண்டு திட்டு வாங்குகிற பிள்ளைக்கு ஜெபம் எப்படிப் பிடிக்கும்? அதற்குப் பதிலாக, 'இன்றைக்கு வேலையில் ஒருவரிடம் கடுமையாகப் பேசிவிட்டேன், மன்னியும்' என்று உங்களைப் பற்றி ஜெபியுங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய போதனை பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதுதான். 'பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்' வளருங்கள் என்று எபேசியர் 6:4 தகப்பன்மாரிடம் சொல்கிறது, கொலோசெயர் 3:21 'திடனற்றுப்போகாதபடி' என்று காரணத்தையும் சொல்கிறது. தேவையில்லாமல் கத்திவிட்டீர்களா, அன்று இரவுக்குள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் செய்த தப்பு இன்னதென்று வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். 'ஆனால் நீயும்தானே...' என்று ஆரம்பித்தால் அது மன்னிப்புக் கேட்பதாகாது. உடனே மன்னிக்கும்படி கட்டாயப்படுத்தவும் வேண்டாம். தப்பை ஒத்துக்கொள்வது, மன்னிக்கப்படுவது என்று சபையில் கேட்பதையெல்லாம் பிள்ளை முதன்முதலாக நேரில் பார்ப்பது அப்போதுதான்.

அப்புறம், ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் போதகரையும் மற்ற விசுவாசிகளையும் குறை பேசுவது, போன் வந்தால் 'அப்பா வீட்டில் இல்லை என்று சொல்' என்பது, இவற்றை இன்றைக்கே நிறுத்திவிடலாம்.

கணவரோ மனைவியோ விசுவாசத்தில் இல்லை, தனியாக என்ன செய்ய முடியும் என்று சிலர் சோர்ந்துபோகிறார்கள். அப்போஸ்தலன் பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர் என்று அப்போஸ்தலர் 16:1 சொல்கிறது, அவர் விசுவாசி என்று எங்கும் இல்லை. பவுல் நினைவுகூருவது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான், அவர்களிடம் இருந்த 'மாயமற்ற விசுவாசத்தை'. துணையைக் குறை சொல்லாமல், உங்கள் பங்கை நேர்மையாகச் செய்யுங்கள்.

வளர்ந்த பிள்ளை 'கடவுள் ஏன் பதில் சொல்லவில்லை' என்று கேட்டால் பதறாதீர்கள், 'அப்படியெல்லாம் கேட்கக் கூடாது' என்று வாயை அடைக்கவும் வேண்டாம். 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று சங்கீதம் 13-இல் தாவீதே கேட்கிறார், அதைச் சேர்ந்து வாசியுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், ஆனால் அந்த வாரத்துக்குள் நீங்களாகவே அந்தப் பேச்சை மறுபடி எடுங்கள்.