சமையற்கலைஞர்கள் மோதும் சுவைப்போட்டி விருந்தில் மதிப்பெண் இடச் செல்பவர்களுக்கு

இரண்டு உணவகங்களின் தலைமைச் சமையற்கலைஞர்கள் ஒரே இரவில் ஒரே கூடத்தில் மாறி மாறிச் சமைத்துப் பரிமாற, உண்டவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் மதிப்பெண் இட்டு வென்றவரைத் தீர்மானிக்கும் விருந்துக்கு முதன்முறையாகச் செல்பவர், அதை வழக்கத்தைவிடச் சற்று நீண்ட இரவு உணவு என்று எண்ணிக்கொண்டே பெரும்பாலும் போகிறார். அங்கே உட்கார்ந்த பிறகுதான், மேசையில் கரண்டிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும் மதிப்பெண் தாளும் பென்சிலும் தம்மை விருந்தாளி என்ற நிலையிலிருந்து நடுவர் என்ற நிலைக்கு மாற்றிவிட்டன என்பது அவருக்குப் புரிகிறது. பல நாள் திட்டமிட்டு, பலமுறை செய்து பார்த்து, தம் உதவியாளர்களோடு பகல் முழுவதும் நின்று உழைத்த இருவருடைய வெற்றி தோல்வி அந்தப் பென்சிலில் இருக்கிறது. ஆகவே நாக்கு சோர்வதற்கு முன்பும் பக்கத்தில் இருப்பவர் வாய் திறப்பதற்கு முன்பும் தட்டில் உள்ளதை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எப்படி என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஆயத்தம் அன்று காலையிலேயே தொடங்க வேண்டும். இத்தகைய விருந்தில் ஆறு முதல் எட்டுத் தட்டுகள் வரை வரக்கூடும்; ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வாய் அளவே இருந்தாலும், மொத்தத்தில் அது நிறைவான உணவுதான். அதற்காக நாள் முழுவதும் பட்டினி கிடந்து போவது தவறு. கடும் பசியோடு உண்பவருக்கு முதலில் வரும் தட்டு எதுவாக இருந்தாலும் அமிர்தமாகத் தோன்றும். அந்த மதிப்பெண்ணை முதலில் பரிமாறியவர் தம் திறமையால் அன்றி உங்கள் பசியால் பெறுவார். மதியம் எளிமையாக உண்டு, விருந்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே நிறுத்திக்கொள்வது போதும். புறப்படும் நேரத்தில் பல் துலக்குவதையும் தவிர்க்க வேண்டும். பல பற்பசைகளில் நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட் இனிப்பை மங்கச் செய்து கசப்பைத் தூக்கிக் காட்டும். நறுமணத் தைலம் எதையும் பூசிக்கொள்ளாமல் செல்வது உங்களுக்கு மட்டுமன்றி அதே மேசையில் அமரும் அனைவருக்கும் செய்யும் உதவி. ஒவ்வாமையோ, உண்ணக்கூடாத பொருளோ இருந்தால் இடத்தை முன்பதிவு செய்யும்போதே தெரிவித்துவிட வேண்டும். மேசையில் அமர்ந்த பின் சொன்னால் சமையலறை அவசரமாக ஒரு மாற்றுத் தட்டைச் செய்து தரும். மற்றவர்கள் உண்டதை உண்ணாமல் நீங்கள் இடும் மதிப்பெண்ணுக்குப் பொருள் இருக்காது.

வந்தமர்ந்ததும் மதிப்பெண் தாளை முழுவதுமாகப் படியுங்கள். சில தாள்களில் சுவைக்கு மட்டும் ஒரே ஓர் எண் கேட்கப்படும். சிலவற்றில் சுவை, தோற்றம், புதுமை, கொடுக்கப்பட்ட மூலப்பொருளைக் கையாண்ட விதம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை, ஆனால் போட்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது. இருவருக்கும் ஒரே மூலப்பொருளைக் கொடுத்து அதை மையமாக வைத்துச் சமைக்கச் சொல்லும் முறை, 1993இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரச் சமையல் மோதலாகத் தொடங்கிய நிகழ்ச்சியின் வழியாக உலகெங்கும் பழக்கமானது. அந்த மூலப்பொருளை அலங்காரமாக மேலே தூவிவிட்டு, வேறொன்றின் சுவையால் தட்டை வெல்ல வைக்கப் பார்ப்பவருக்கும், அதன் குணத்தையே முன்னிறுத்தத் துணிந்தவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அந்தக் கட்டத்தில்தான் பதிவுசெய்ய முடியும்.

இனி உண்பதற்கு வருவோம். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்புறம் கசப்பு என்று பகுதி பிரித்துக் காட்டும் பழைய படத்தை மறந்துவிடுங்கள். எல்லாச் சுவைகளையும் நாக்கின் எல்லாச் சுவைப் பகுதிகளும் உணர்கின்றன. நாம் அறுசுவை என்று எண்ணிப் பழகியவற்றில் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கும் சுவை மொட்டுகளால் உணரப்படுபவை. இவற்றோடு, 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா அடையாளம் கண்டு பெயரிட்ட, இறைச்சிச் சாற்றிலும் காளானிலும் உணரும் நிறைசுவையான உமாமியும் சேரும். கார்ப்பும் துவர்ப்பும் வேறு வழியில் வருபவை. காரம் என்பது சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகள் எழுப்பும் எரிச்சல்; துவர்ப்பு என்பது உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு உணவின் பொருள்கள் பிணைவதால் வாய்க்குள் தோன்றும் வறட்சி. இந்த வேறுபாடு போட்டி மேசையில் நேரடியாகப் பயன்படும். இனிப்பும் உப்பும் வாயைவிட்டு விரைவில் நீங்கிவிடும், காரமும் துவர்ப்பும் அடுத்தடுத்த வாய்க்கு ஏறிக்கொண்டே போகும். முதல் சமையற்கலைஞரின் தட்டு காரமாக இருந்தால் அதன் எச்சம் இரண்டாமவர் தட்டின் மீது விழுகிறது. தண்ணீர் அந்த எரிச்சலைத் தணிக்காது, ஏனெனில் காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை. பாலில் உள்ள கேசின் என்னும் புரதம் அதைப் பற்றிக்கொண்டு அகற்ற உதவும் என்பதால், ஒரு வாய் பால் கேட்டு வாங்கிக் குடிப்பதில் கூச்சம் வேண்டாம். மற்ற சுற்றுகளுக்கு, குளிரூட்டாத தண்ணீரும் உப்பு குறைந்த வெறும் ரொட்டித் துண்டும் போதும்.

ஒவ்வொரு தட்டிலும் உங்களுக்கு மிக அதிகமாகத் தகவல் தருபவை முதல் இரண்டு வாய்களே. அதன் பிறகு நாக்கும் மூக்கும் அந்தச் சுவைக்குப் பழகி மழுங்கத் தொடங்கிவிடும். எனவே முதல் வாயைச் சமையற்கலைஞர் எண்ணியபடி, தட்டில் உள்ள அனைத்தையும் சேர்த்து எடுத்து உண்ணுங்கள். மெதுவாக மென்று விழுங்கும்போது வாயின் பின்புறமாக ஏறி மூக்கை எட்டும் மணத்தைக் கவனியுங்கள். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த மணம்தான் என்பதை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை மென்று பார்த்தாலே அறியலாம். இரண்டாம் வாயில் பகுதிகளைப் பிரித்துப் பாருங்கள்: முதன்மைப் பொருள் சரியான பதத்தில் வெந்திருக்கிறதா, குழம்பு அதைத் தாங்குகிறதா மூடுகிறதா, மொறுமொறுப்புக்காகச் சேர்த்தது இன்னும் மொறுமொறுப்பாக இருக்கிறதா. ஆறிப்போவதற்குள் உண்பதும் கடமைதான். சூடு மாறும்போது சுவையும் மாறுகிறது, குறிப்பாக இனிப்பு குளிரில் அடங்கி வெதுவெதுப்பில் எழும்; உருகிய ஐஸ்கிரீம் உறைந்ததைவிடத் தித்திப்பது இதனால்தான். படம் எடுத்துக்கொண்டே தட்டை ஆறவிட்டவர், சமையலறையிலிருந்து புறப்பட்ட உணவுக்கு அன்றி வேறோர் உணவுக்கு மதிப்பெண் இடுகிறார்.

வரிசை இழைக்கும் அநீதியைப் பெரும்பாலானோர் அறிவதில்லை. முதல் தட்டுக்கு ஒப்பிட எதுவும் இல்லாததால் நாம் எச்சரிக்கையாக நடுத்தரமான ஓர் எண்ணை இட்டு வைக்கிறோம். இரண்டாவது வந்ததும் அதைவிடக் கூட்டியோ குறைத்தோ எழுதுகிறோம். இதைத் தவிர்க்க நான் கடைப்பிடிக்கும் வழி எளியது: ஒரு சுற்றின் இரண்டு தட்டுகளும் வரும்வரை எண் எதையும் எழுதுவதில்லை, சொற்களை மட்டும் எழுதிக்கொள்கிறேன். "புளிப்பு முந்துகிறது", "ஓரம் கருகல்", "இன்னொரு வாய் வேண்டும்" என்பன போன்ற இரண்டு மூன்று சொற்கள் போதும். பரிமாறுபவரிடம் சொல்லி, முதல் தட்டில் ஒரு வாய் மிச்சம் வைத்துக்கொண்டு, இரண்டாவதைச் சுவைத்த பின் மீண்டும் அதற்குத் திரும்புகிறேன். அது ஆறியிருக்கும் என்பதை மனத்தில் கொண்டே ஒப்பிடுகிறேன். இரண்டும் ஒன்றாகவே வந்தால் ஒரு சுற்றில் இடமிருந்தும் அடுத்த சுற்றில் வலமிருந்தும் தொடங்குகிறேன்.

கண் நாக்கை ஏமாற்றும் அளவு வியப்பானது. 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், ஒயின் கலை பயிலும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்பு நிறத்தைக் கலந்து கொடுத்தபோது, அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே விவரித்தார்கள். பெயரும் அவ்வாறே ஏமாற்றும். 1976 மே 24 அன்று பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் ஒயின்களின் பெயர் அறியாமல் சுவைத்து மதிப்பிட்டபோது, வெள்ளை, சிவப்பு ஆகிய இரண்டு பிரிவிலும் கலிஃபோர்னியாவின் ஒயின்களே முதலிடம் பெற்றன. பெயர்ச்சீட்டு தெரிந்திருந்தால் அந்த முடிவு வந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். எனவே யார் சமைத்தது என்பதை அறிவிக்காத விருந்தாக இருந்தால், அதை ஊகிக்க முயலாதீர்கள். ஊகிப்பதில் ஒரு சுவாரஸ்யம் இருப்பது உண்மைதான், ஆனால் ஊகித்த கணத்திலிருந்து நீங்கள் தட்டை விட்டுவிட்டு ஆளுக்கு மதிப்பெண் இடத் தொடங்குகிறீர்கள். பெயர் அறிவிக்கப்படும் விருந்தில், இருவரில் ஒருவருடைய உணவகத்துக்கு நீங்கள் வாடிக்கையாளர் என்றால், அவருடைய தட்டில் முதலில் குறையைத் தேடுங்கள், மற்றவருடைய தட்டில் முதலில் நிறையைத் தேடுங்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது மேசைப் பேச்சு. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்குக்கூட, சுற்றியிருந்தவர்கள் ஒருமித்துத் தவறான விடை சொன்னபோது, நால்வரில் மூவர் ஒருமுறையேனும் அந்தத் தவறான விடைக்கு ஒத்துப்போனார்கள். கோட்டின் நீளத்துக்கே அப்படியென்றால் ஒரு குழம்பின் நயத்துக்கு என்ன ஆகும்? ஒருமுறை, எனக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு கசப்பான தட்டுக்கு, எதிரே இருந்தவர் முகம் சுளித்ததைப் பார்த்து இரண்டு எண்களைக் குறைத்து எழுதினேன்; அந்தச் சுற்றை அந்தச் சமையற்கலைஞர் சிறிய வித்தியாசத்தில் இழந்தார். அதன் பிறகு எண்ணை எழுதித் தாளைக் கவிழ்த்து வைக்கும்வரை உணவைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். எழுதிய பின் தாராளமாகப் பேசலாம், பேசாவிட்டால் விருந்துக்கு அழகில்லை. ஆனால் பேச்சைக் கேட்டு எழுதியதை அழிக்கக் கூடாது.

மது பரிமாறப்படும் விருந்தில், ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மிடறுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது, ஏனெனில் கடைசித் தட்டைச் செய்தவருக்கும் முதல் தட்டைச் செய்தவருக்குக் கிடைத்த அதே நடுவர் கிடைக்க வேண்டும். இறுதிச் சுற்றுகளில் வயிறு நிறைந்து மனம் இளகியிருக்கும்போது, முதல் சுற்றுகளில் எழுதிய சொற்களை ஒருமுறை படித்துவிட்டு எண் இடுங்கள். இரண்டு தட்டுகளும் சமம் என்று தோன்றினால், எதில் இன்னொரு வாய் உண்ண மனம் விழைகிறது என்று கேட்டுக்கொள்வதே என் வழி.

முடிவு அறிவிக்கப்பட்ட பின் இரு சமையற்கலைஞர்களும் பெரும்பாலும் கூடத்துக்கு வருவார்கள். கூட்டம் வென்றவரைச் சூழும். அப்போது உங்கள் தாளை எடுத்துக்கொண்டு தோற்றவரிடம் செல்லுங்கள். "எல்லாம் நன்றாக இருந்தது" என்பது அவருக்கு எந்தப் பயனும் தராது. மூன்றாம் சுற்றுத் தட்டில் புளிப்பு ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது, அது எண்ணிச் செய்ததா என்று கேளுங்கள். அவர் அதை விளக்கத் தொடங்குவார்.