பரங்கிக்காயும் கருப்பட்டிப் பாகும்: ஏர் ஃப்ரையரில் நான் செய்த தவறுகள்

போன ஐப்பசியில் அமெரிக்காவில் இருக்கும் அக்கா ஒரு படம் அனுப்பினாள். அங்கே அது இலையுதிர் காலம், கடையெல்லாம் பூசணி வகைகள் குவிந்து கிடக்கும் நேரம். பட்டர்நட் என்கிற பரங்கியைத் துண்டு போட்டு, மேப்பிள் பாகு தடவி, ஏர் ஃப்ரையரில் சுட்டிருந்தாள். ஒவ்வொரு துண்டும் எண்ணெய் தேய்த்த சிலை மாதிரி மினுங்கியது. நானும் அன்றைக்கே மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் ஒரு கீற்றுப் பரங்கி வாங்கி வந்தேன். வெல்லத்தைக் கரைத்து ஊற்றிப் புரட்டி, கூடை நிறையக் கொட்டி, 200 டிகிரியில் இருபது நிமிடம் வைத்தேன். மேலே கரி, உள்ளே குழைந்த கூட்டு, அடித்தட்டில் ரோடு போடுகிற தார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அடுப்புலயே தூக்கிப் போட்டுருக்கலாமே" என்றாள்.

அப்புறம் பத்துப் பன்னிரண்டு தடவை செய்து பார்த்ததில் புரிந்தது இதுதான்: அந்தப் பெட்டியை நாம் வடைச்சட்டி என்று நினைத்துக்கொள்கிறோம். அது வடைச்சட்டி இல்லை, உள்ளே காற்றாடி சுற்றும் குட்டி ஓவன். மேலே சூட்டுக் கம்பி, அதன் மேல் விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. சூடான காற்று துண்டுகளைச் சுற்றி ஓடினால்தான் வேலை நடக்கும்.

முதல் தவறு சந்தையிலேயே நடந்துவிடுகிறது. பூசணி என்று மொட்டையாகச் சொன்னால் சில கடைகளில் சாம்பல் பூசணியை நீட்டிவிடுவார்கள். ஆயுத பூசைக்கு வாசலில் உடைப்போமே, அது. அல்வாவுக்கும் மோர்க்குழம்புக்கும் அருமையான காய், சுடுவதற்குச் சரிப்படாது, அவ்வளவும் தண்ணீர். நமக்கு வேண்டியது சர்க்கரைப் பூசணி, அதாவது பரங்கி. மார்கழியில் சாணி உருண்டையில் செருகி வாசலில் வைக்கிறோமே, அந்த மஞ்சள் பூ காய்க்கிற காய். அக்கா சுட்ட பட்டர்நட்டும் இதுவும் தாவரவியலில் ஒரே இனம்தான், குக்கர்பிட்டா மோஸ்கேட்டா. ஆனால் பட்டர்நட் சதை இறுக்கமானது, நம்முடையதில் நீர் கூடுதல். அதனால் அங்கே சொல்கிற நிமிடக் கணக்கை அப்படியே இங்கே வைத்தால் ஏமாற்றம்தான்.

பச்சைத் தோல் பிஞ்சு கூட்டுக்கு. இதற்கு நன்றாக முற்றியது வேண்டும்: நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்கக் கூடாது, காம்பு காய்ந்திருக்க வேண்டும், வெட்டினால் சதை அடர்ந்த ஆரஞ்சாக இருக்க வேண்டும். முழுக்காயாக வாங்கி, காற்றோட்டமான இடத்தில் சில வாரம் வைத்தால் உள்ளே இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்புக் கூடும். வெட்டிய கீற்றுக்கு அந்த வசதி இல்லை, ஓரிரு நாளில் முடித்துவிட வேண்டும்.

வெட்டியதும் பச்சையாக ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். அரிதாகச் சில காய் கடுமையாகக் கசக்கும். அந்தக் கசப்புச் சத்துக்கு குக்கர்பிட்டாசின் என்று பெயர். வயிற்றைப் புரட்டிவிடும், வெந்தாலும் போகாது, வெல்லம் போட்டாலும் மறையாது. கசந்தால் முழுவதையும் குப்பையில் போட வேண்டியதுதான்.

துண்டு முக்கால் அங்குலம் இருக்கட்டும், எல்லாம் ஒரே அளவில். சின்னதும் பெரியதுமாக இருந்தால் சின்னது கருகிக்கொண்டிருக்கும்போது பெரியது பச்சையாக நிற்கும். வெட்டும் முன்பே காயைக் கழுவிவிடுங்கள். வெட்டிய பின் கழுவினால் ஈரத்தை உள்ளே அனுப்புகிறீர்கள். வெட்டிய துண்டுகளைத் துணியில் ஒற்றி எடுங்கள். உப்பைப் போட்டு ஊறவைக்கும் பழக்கம் இங்கே எதிரி, பத்து நிமிடத்தில் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கிவிடும். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, அதுவும் உள்ளே போகிற நேரத்தில்.

இனி இனிப்புக்கு வருவோம். பாதிப் பேர் கோட்டை விடுகிற இடம் இது.

வெள்ளைச் சர்க்கரை 160 டிகிரியைத் தாண்டினால்தான் நிறம் மாறத் தொடங்கும். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் கலந்திருக்கிறது. ஃப்ரக்டோஸ் ஏறக்குறைய 110 டிகிரியிலேயே சிவக்க ஆரம்பித்துவிடும். காய் அப்படி இல்லை, உள்ளே ஈரம் இருக்கிறவரை அதன் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. ஆக, காய் வேக பன்னிரண்டு நிமிடம் வேண்டும், பாகு கருக ஐந்து நிமிடமே போதும். இரண்டையும் ஒன்றாக உள்ளே அனுப்பினால் என்ன ஆகும் என்பதை என் அடித்தட்டைத் தேய்த்த கை சொல்லும்.

அதனால் காய் முதலில், இனிப்பு கடைசியில். வெறும் கூடையோடு ஐந்து நிமிடம் முன்சூடு செய்துவிட்டு, அரைக் கிலோ துண்டுகளை 190 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள், பாதியில் ஒரு தடவை குலுக்கிவிடுங்கள். கத்தி முனை எளிதாக இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக் கூடாது. ஓரம் லேசாகச் சுருங்கிக் காய்ந்திருக்கும். பாகு பிடிப்பது அந்தக் காய்ந்த மேற்பரப்பில்தான், ஈரத்தில் வழுக்கி ஓடிவிடும்.

அக்கா போட்டது மேப்பிள் பாகு. மேப்பிள் மரத்துச் சாற்றை ஏறக்குறைய நாற்பது லிட்டர் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற ஊர்க்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. இங்கே அந்தப் பாட்டில் யானை விலை. விலை குறைந்த பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தால், மேப்பிள் மணம் சேர்த்த சர்க்கரைப் பாகாக இருக்கலாம். அதற்குக் கீழமாசி வீதியில் நல்ல கருப்பட்டி வாங்கிவிடலாம். அந்தப் புகை மணம் பரங்கிக்கு மேப்பிளைவிடப் பொருந்துகிறது என்பது என் கட்சி, அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மூன்று மேசைக்கரண்டி தட்டிய கருப்பட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். கரைந்ததும் கட்டாயம் வடிகட்டுங்கள், மண் இருக்கும். வடிகட்டியதைக் கொதிக்கவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவே பிசுபிசுவென்று ஒட்டும்போது இறக்கிவிட வேண்டும். கம்பி இழுக்கும் வரை காத்திருப்பது அதிரசம் சுட்டுப் பழகிய கைக்கு வருகிற தவறு. கம்பிப் பதத்துக்குப் போன பாகு துண்டில் படர்வதற்குள் கிண்ணத்திலேயே இறுகும், உள்ளே போனதும் முதல் ஆளாகக் கருகும். மேப்பிள் பாகிலேயே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான். அந்த ஓட்டம் இதிலும் இருக்கட்டும், மீதியை ஏர் ஃப்ரையரின் காற்றே உலர்த்திக்கொள்ளும். ஒரு ஸ்பூன் நெய், கால் ஸ்பூன் சுக்குத்தூள், ஒரு சிட்டிகை மிளகாய் வத்தல் பொடி. ஏலக்காய் வேண்டாம், பாயச வாசனை வந்துவிடும்.

பாகைக் கூடைக்குள் ஊற்றாதீர்கள், ஓட்டை வழியாக எல்லாம் கீழே போய்விடும். வெந்த துண்டுகளை ஒரு பாத்திரத்தில் போட்டு, பாதிப் பாகை ஊற்றிப் புரட்டி, 170 டிகிரியில் இரண்டு நிமிடம். வெளியே எடுத்து மீதிப் பாகில் புரட்டி இன்னும் இரண்டு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் பக்கத்திலேயே நிற்க வேண்டும், போனை எடுத்தால் போச்சு. அடித்தட்டில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்தால் சொட்டுகிற பாகு புகையாது. உங்கள் கருவியின் கையேடு அதற்கு அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடையை நிரப்புவதும் பெரிய தவறு. விருந்தாளி ஆறு பேர் என்பதற்காக ஒரு கிலோவைக் கொட்டினால் துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்து, வெளிவருகிற ஆவியில் அவையே அவிந்துவிடும். ஒரே அடுக்கு, இடையில் கொஞ்சம் இடம். இரண்டு ஈடாகப் போடுங்கள், இட்லிக்குப் போடுவதில்லையா?

கூடை அழுக்காகாமல் இருக்க பட்டர் பேப்பரை அடி முழுக்க விரிக்கிறார்கள். காற்றுக்கு வழி அடைபட்டுப் போகிறது. வெறும் பேப்பரை வைத்து முன்சூடு செய்தால் விசிறி அதை மேலே தூக்கிக் கம்பியில் ஒட்டிவிடும், தீப்பிடிக்கவும் வழியுண்டு. வாழை இலைத் துண்டு வைத்துப் பார்த்த ஆள் நான், கேட்காதீர்கள். பாகு ஒட்டினால் சூடு ஆறியபின் வெந்நீரில் அரைமணி ஊறவைத்தால் தானே கரையும். கம்பி நார் பக்கமே போகக் கூடாது.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 1500 வாட் கருவி 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் 6 ஆம்பியர் பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாகச் செருகாதீர்கள். 16 ஆம்பியர் பிளக் வேண்டும். சித்திரை மாதத்துச் சாயங்காலம், தெரு முழுக்க ஏசி ஓடும்போது வோல்டேஜ் 200க்கு இறங்கினால், கம்பியின் சூட்டுத் திறன் ஏறக்குறைய முக்கால் பங்காகிவிடும். அப்போது ஐந்து நிமிட முன்சூட்டை எட்டு நிமிடமாக்குங்கள். நிமிடத்தை நம்பாதீர்கள், கத்தி முனையை நம்புங்கள்.

எடுத்ததும் குவித்து மூடி வைப்பது கடைசித் தவறு. மூடிக்குள் ஆவி தண்ணீராகி மினுமினுப்பைக் கரைத்துவிடும். அகலத் தட்டில் பரப்பி மூன்று நிமிடம் விட்டால் பாகு இறுகும். மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் 160 டிகிரியில் மூன்று நிமிடம் போதும். எங்கள் வீட்டில் மறுநாளைக்கு மிஞ்சுவதில்லை. அடுப்பில் போடச் சொன்ன அம்மா ராத்திரியே தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு முடித்துவிடுகிறாள்.