ஒரு செருகுநிரல் இன்னொன்றை நம்பியிருக்கும்போது: அறிவிப்பை எங்கே, எப்படி வைப்பது

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் 'பாதை' என்று நாம் சொல்லும் படகில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. பாதை ஓடவில்லை என்பதைத் துறைக்கு வந்துசேர்ந்த பிறகு அறிவதற்கும் வீட்டை விட்டு இறங்குமுன்னரே அறிவதற்கும் இடையில் ஒரு முழு நாள் வித்தியாசம் இருந்தது. செருகுநிரல் என்பது இணையத்தளத்துக்குப் புதிய வசதி சேர்க்கும் சிறு நிரல்; வேறொரு செருகுநிரல் இல்லாமல் இயங்காத செருகுநிரலை எழுதுகிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியதும் இதுவே: அறிவிப்பு, பயனர் நிறுவுவதற்கு முன் பார்க்கும் இடத்தில், அவர் அழுத்தப்போகும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

திருகோணமலை உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர், அறை முன்பதிவுக்கான செருகுநிரலை நிறுவிவிட்டு என்னை அழைத்தார். திரையின் மேலே சிவப்புப் பட்டையில் 'தேவையான சார்புகள் இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. எது இல்லை என்பதும் அடுத்து என்ன செய்வது என்பதும் அதில் இல்லாததால், அவர் ஊகித்து மூன்று செருகுநிரல்களை ஏற்றியிருந்தார், மூன்றுமே தேவையற்றவை. 'சார்பு' என்பது, ஒன்று இயங்க வேண்டிய மற்றொன்றைக் குறிக்கும் நிரலாளரின் சொல். விடுதிக்காரருக்கு வேண்டியது ஒரு பெயரும் ஒரு பொத்தானும்.

இணையத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் எழுதுகிறீர்கள் என்றால், 2024 ஏப்ரலில் வெளிவந்த 6.5ஆம் பதிப்பு பாதி வேலையைத் தானே செய்கிறது. செருகுநிரலின் தலைப்புக் குறிப்பில் 'ரிக்வயர்ஸ் ப்ளகின்ஸ்' (Requires Plugins) என்ற வரியைச் சேர்த்து, வேண்டியவற்றின் அடையாளப் பெயர்களைக் காற்புள்ளியிட்டு எழுதினால், அவை இயங்கும்வரை உங்களுடையதைச் செயற்படுத்த அது விடாது. ஆனால் வேர்ட்பிரஸ்ஸின் பொதுக் களஞ்சியத்தில் உள்ளவற்றை மட்டுமே அது பயனருக்கு அங்கேயே நிறுவித் தர முடியும். எந்தப் பதிப்பு வேண்டும் என்பதைப் பார்க்காது. வேறிடத்தில் விற்கப்படும் செருகுநிரலை நம்பியிருந்தாலோ, குறிப்பிட்ட பதிப்பு வேண்டியிருந்தாலோ, அதைச் சரிபார்த்து அறிவிக்கும் பொறுப்பு உங்களுடையது.

அந்த அறிவிப்பை எழுதும்போது மூன்று நிலைமைகளை ஒன்றாகக் குழப்பாதீர்கள். வேண்டிய செருகுநிரல் நிறுவப்படாமல் இருக்கலாம், நிறுவியும் செயற்படுத்தப்படாமல் இருக்கலாம், செயற்பட்டும் பழைய பதிப்பாக இருக்கலாம். மூன்றுக்கும் 'இல்லை' என்றே சொன்னால், ஏற்கெனவே நிறுவியவர் அதை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவார். எடுத்துக்காட்டாக, வேண்டியது வூகொமேர்ஸ் என்ற இணையக் கடைச் செருகுநிரல் என்றால், 'அறை முன்பதிவுக்குப் பணம் பெற வூகொமேர்ஸ் வேண்டும். அது நிறுவப்பட்டுள்ளது, இன்னும் செயற்படுத்தப்படவில்லை.' என்று எழுதி, கீழே 'வூகொமேர்ஸ்: செயற்படுத்துக' என்ற பொத்தானை வையுங்கள்.

தமிழில் மொழிபெயர்க்கும்போது பெரிய தடுமாற்றம் திசையில் நேர்கிறது. 'தேவைப்படும் செருகுநிரல்கள்' என்ற தலைப்பு, இதற்கு வேண்டியவற்றையும் குறிக்கலாம், இதை வேண்டி நிற்பவற்றையும் குறிக்கலாம். இரண்டு பட்டியல்களும் ஒரே திரையில் வரும்போது எது எதன்மேல் நிற்கிறது என்று எவருக்கும் விளங்காது. வேற்றுமை உருபை வெளிப்படையாக எழுதுவதே தீர்வு. 'இது இயங்க வேண்டியவை' என்று ஒன்றுக்கும் 'இதை நம்பி இயங்குபவை' என்று மற்றதற்கும் பெயரிட்டால் ஐயம் எழாது. அதேபோல, நிரல் தானாக இட்டு நிரப்பும் பெயரோடு 'ஐ', 'க்கு' போன்ற உருபுகளை ஒட்டாதீர்கள். 'வூகொமேர்ஸ்ஐ நிறுவுக' என்பது தமிழன்று. ஒவ்வொரு பெயரின் ஈற்றுக்கும் ஏற்பப் புணர்ச்சி மாறும் என்பதால் நிரலால் அதைச் சரிசெய்யவும் இயலாது. பெயருக்குப் பின் முக்காற்புள்ளி இடுங்கள், அல்லது 'என்ற செருகுநிரலை' என்று எழுதி உருபை நிலையான சொல்லில் ஏற்றுங்கள்.

பொத்தானைச் சாம்பல் நிறமாக்குவது மட்டும் குறிப்பாகாது. கடற்கரை வெயிலில் கைபேசியைப் பிடித்திருப்பவருக்கு அந்த மங்கல் தெரியாது. திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு நிறமே இல்லை. காரணத்தை எழுத்தில், பின்னணியுடன் குறைந்தது 4.5:1 நிறவேறுபாட்டில் தாருங்கள். பொத்தானை முற்றாக முடக்கினால் விசைப்பலகையின் தாவல் விசை அதைத் தாண்டிச் சென்றுவிடும். ஆகவே, பொத்தான் முடங்கியுள்ளது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் 'ஏரியா-டிசேபிள்ட்' (aria-disabled) பண்பை இட்டு, அழுத்தினாலும் செயல் நடக்காதபடி நிரலில் தடுத்து, காரண வரியை அதனுடன் இணைத்துவிடுங்கள்.

நீக்கும் தருணத்தையும் வடிவமையுங்கள். தன்னை நம்பி இன்னொன்று இயங்கிக்கொண்டிருக்கும் செருகுநிரலை நிறுத்தவோ அழிக்கவோ வேர்ட்பிரஸ் திரையில் இடமில்லை. ஆனால் கோப்புறையை நேரடியாக அழிப்பவரை அது தடுக்காது. எனவே உங்கள் நிரல் ஒவ்வொரு முறையும் தன் துணை இருக்கிறதா என்று பார்த்த பின்னரே இயங்கட்டும். இல்லாதபோது, செருகுநிரல்களை நிர்வகிக்கும் உரிமை உள்ளவருக்கு மட்டும் விவரத்தைக் காட்டுங்கள். அறை தேடி வந்த விருந்தாளிக்கு, வெற்றுப் பக்கத்துக்குப் பதிலாக விடுதியின் தொலைபேசி எண் தெரியட்டும்.

முடிவில், துணைச் செருகுநிரல் இல்லாத புதிய தளம் ஒன்றில் உங்களுடையதை ஏற்றி, அதை ஒருபோதும் பார்த்திராத ஒருவரிடம் கொடுங்கள். பேசாமல் பக்கத்தில் இருந்து, அவர் விரல் எந்த வரியில் தயங்குகிறது என்று பார்த்து, அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.