நண்பன் இடித்த லொறி: செலவுக் கணக்கில் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்து மருதனார்மடத்திலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஓட்டமென்று லீசிங்கில் கன்ரர் (சிறிய லொறி) எடுக்கும் பொடியள், ஏதோவொரு நாள் சாவியைக் கூட்டாளியிடம் கொடுக்கத்தான் செய்கிறார்கள். லொறி மதகிலோ வேப்பமரத்திலோ போய் நின்ற பிறகு வரும் காசுப் பேச்சில், முன்னால் எடுத்தவர்கள் விட்ட அதே பிழைகளைத்தான் புதியவர்களும் விடுகிறார்கள். குடிவெறியில் ஓட விடக்கூடாது, லைசென்ஸ் இல்லாதவனிடம் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் இங்கே இல்லை. அது தெரியாதவருக்கு லொறி எதற்கு?

ரோட்டிலேயே தொகை பேசி முடிப்பது

எத்தனை தரம் சொன்னாலும் திருந்தாத பிழை இது. அதிகம் செலவு வைப்பதும் இதுதான். இடித்தவன் பதறிப்போய் நிற்பான். உரிமையாளருக்கு நட்புக் கெடக்கூடாது. பம்பர் போய்விட்டது, ஒரு ஹெட்லைற் போய்விட்டது, கபினின் இடது மூலை உள்ளே போயிருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவர் ஒருவர், “ஒண்டரை லட்சத்துக்குள்ள முடிக்கலாம்” என்பார். உடனே, “சரி மச்சான், ஒண்டரையைத் தா, கணக்கு முடிஞ்சுது.” அந்த “முடிஞ்சுது” வாயிலிருந்து வந்த பிறகு திருப்பி எடுப்பது கஷ்டம்.

முன்பக்கம் இடிபட்ட லொறியில் கண்ணுக்குத் தெரிவது தகரம். காசைத் தின்பது அதற்குப் பின்னால் இருக்கிறது. சில்லு மதகுக் கட்டில் ஏறி அடிபட்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது முன் ஸ்பிரிங்கின் சென்ரர் போல்ற், அதாவது ஸ்பிரிங் தகடுகளைக் கோர்த்து அக்சிலை இடம் மாறாமல் வைத்திருக்கும் போல்ற். அது அறுந்தால், ஸ்பிரிங்கை அக்சிலோடு கட்டும் யூ போல்ற் இறுக்கமாகத் தெரிந்தாலும் அக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்திருக்கும். அதோடு ஸ்ரியரிங் கம்பிகளான டை ரொட், டிராக் லிங்க் வளைந்திருக்கலாம். ரேடியேற்றர் சட்டம் பின்னால் தள்ளுப்பட்டு விசிறி ரேடியேற்றர் கோரில் உரசியிருக்கலாம். ஒழுக்கு அன்றைக்குத் தெரியாது, ஆனையிறவு வெயிலில் பாரத்தோடு ஓடும்போதுதான் சூட்டு முள் ஏறும். கபின் மவுண்ற் றப்பர் கிழிந்திருந்தால் கபின் பூட்டுச் சரியாக விழாது.

இதைப் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. லொறியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்ரியரிங்கை நேராக வைத்து, முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடு வரைக்கும் இரண்டு பக்கமும் ரேப் பிடியுங்கள். ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தாலே அக்சிலைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிறகு கபினைத் தூக்கி, சேசியின் (லொறியின் அடிச்சட்டம்) இரண்டு சட்டத்துக்கும் குறுக்கே மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் சேசி கோணியிருக்கிறது. அதைக் காஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தும் கராஜை விட்டு விலகுங்கள். சூடு பட்ட இடத்தில் உருக்குப் பலம் குறையும், பாரம் ஏற அங்கேயே வெடிக்கும். சேசி நம்பர் அடித்த இடத்துக்கருகில் வெட்டு, வெல்டிங் எதுவும் கூடாது. விற்கும் நாளில் பதில் சொல்ல வேண்டிவரும்.

கொடிகாமப் பக்கம் மதகில் ஏறிய ஒரு கன்ரருக்கு இப்படித்தான் ரோட்டில் கணக்கு முடித்தார்கள். தகரம் நிமிர்த்தி, பெயின்ற் அடித்து, லொறி பளபளவென்று ஓடியது. சில கிழமைக்குள் இடது முன் ரயர் ஒரு ஓரத்தில் மட்டும் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டது. சென்ரர் போல்ற் அறுந்து அக்சில் நகர்ந்திருக்கிறது. கூட்டாளிக்குப் போன் எடுத்தால், “நீதானே முடிஞ்சுதெண்டாய்?” என்று கேட்டிருக்கிறான். கேட்டதில் பிழையும் இல்லை.

ரோட்டில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “இப்ப தொகை கதைக்க வேண்டாம். கழட்டிப் பார்த்து எஸ்ரிமேற் வரட்டும், அதை வைச்சுக் கதைப்பம்.” கழற்றும்போது அவனையும் கராஜுக்குக் கூப்பிடுங்கள், வராவிட்டால் படம் அனுப்புங்கள். எஸ்ரிமேற்றில் புதுச் சாமான் விலை, பாவித்த சாமான் விலை, டிங்கர் (தகர வேலை), பெயின்ற், மெக்கானிக் கூலி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். பாவித்த கபின் கதவும் ஹெட்லைற்றும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் விசாரித்து எடுக்கலாம். ஸ்ரியரிங், பிரேக் சாமான் மட்டும் புதிது. பாதி தேய்ந்த ரயருக்குப் புது ரயர் கேட்பதும், பழைய கறளை அவன் தலையில் கட்டுவதும் அநியாயம். அந்த ரயருக்குப் பாதி விலைதான் நியாயம்.

அசெஸர் (இன்சூரன்ஸ் கொம்பனிக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர்) பார்க்கமுன் லொறியை இழுப்பது

ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் அந்த இடத்திலிருந்தே கொம்பனிக்கு அழைத்து, அவர்கள் சொன்ன பிறகே லொறியை அசைக்க வேண்டும். ஆள் காயப்பட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, பொலிஸ். கழற்றும்போது புதிதாக ஏதும் தெரியவந்தால், வேலை தொடங்கமுன் அசெஸரைத் திரும்பக் கூப்பிடுங்கள். மாற்றி முடித்த சாமானுக்கு எவரும் காசு தரமாட்டார்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால், இடிபட்ட மதிலுக்குக் கிடைக்கலாம், உங்கள் லொறிக்குக் கிடையாது.

ஓட்டினவன் பெயரை மாற்றி எழுதுவது

வேண்டாம். பொலிஸ் பதிவு ஒன்று சொல்லும், கிளெய்ம் படிவம் இன்னொன்று சொல்லும்.

லைசென்ஸ் இருந்தது என்று நம்பியிருப்பது

எந்த வகுப்பு என்று பாருங்கள். மொத்த நிறை 3500 கிலோவைத் தாண்டிய லொறிக்குக் கார் ஓட்டும் பீ வகுப்புப் போதாது, சீ1 வேண்டும்.

இன்சூரன்ஸ் தந்தால் நண்பன் தப்பினான் என்று நினைப்பது

கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு பேச்சுக்கு, பில் 4,50,000 ரூபா. சாமான் தேய்மானம், எக்ஸஸ் (கிளெய்மில் நீங்களே பொறுக்க வேண்டிய பங்கு) கழித்துக் கொம்பனி 3,60,000 தருகிறது. மிச்சம் 90,000. அதோடு லொறி இழுத்த கூலி, அடுத்த வருடம் குறையும் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாதவருக்குக் கிடைக்கும் கழிவு), நின்ற நாட்களின் வருமானம். இந்த வருமான இழப்பை மோட்டார் பொலிசி வழக்கமாகத் தராது. அதை நண்பனிடம் கேட்கும்போது ஹயர்க் காசு முழுவதையும் கேட்கக்கூடாது. டீசல், சாரதி கூலி, ஏற்றியிறக்கும் கூலி கழித்து மிஞ்சுவதுதான் இழப்பு. கராஜ்காரர் சாமானுக்குக் காத்திருந்த நாட்களை எப்படிப் பிரிப்பதென்பதை முன்கூட்டியே கதைத்துவிடுங்கள். சிறிய சேதமென்றால் போனஸ் இழப்பைக் கணக்குப் பார்த்த பிறகு கிளெய்ம் போடுங்கள். பல நேரம் கைக்காசில் செய்வது மலிவு.

பழைய சாமானைக் கராஜிலேயே விட்டுவருவது

அசெஸர் கேட்பார்.

வாய்ப்பேச்சில் தவணை

“மாசம் மாசம் தாறன்” என்பது மூன்று மாதத்துக்குப் பிறகு மங்கிவிடும். மொத்தத் தொகை, தவணை, திகதி, எந்த விபத்துக்காக என்பதை எழுதி, இருவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்து வையுங்கள். “மேலும் சேதம் தெரியவந்தால் அதைப் புதிதாகக் கதைப்பது” என்றொரு வரியும் வேண்டும். இலங்கைக் காலவிதிச் சட்டத்தில் எழுத்தில் உள்ள உடன்படிக்கைக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம், ஒப்பந்தமில்லாத சேத நட்டத்துக்கு 2 வருடம்தான் வழக்குக் காலம். எழுதிய பிறகும் தராவிட்டால் லோயரிடம் ஓடமுன் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். குறித்த தொகைக்குட்பட்ட பிணக்குகள் எப்படியும் அங்கே போய்த்தான் நீதிமன்றம் வர வேண்டும். எஸ்ரிமேற், பில், படங்கள், வங்கி வரவுகள் எல்லாவற்றையும் ஒரே கோவையில் கொண்டுபோங்கள்.